என் முகத்தைத் தொடாதீர்கள்

ஜூலை 8

அப்பாவுக்கு,

இதை உங்கள் மதியச் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்புகிறேன். மாடி வீட்டில் இருக்கிற மகள், கீழே போட்டோ ஸ்டுடியோவில் இருக்கிற அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள், இதென்னடி கூத்து என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். "போஸ்ட் ஆபீசுல நாள் முழுக்க தபால் பிரிக்கிறேன், வீட்டுக்கு வந்தா இங்கேயும் நான்தான் தபால்காரியா?" என்கிறாள். என்ன செய்வது, நான் உங்களோடு பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பேசினால் எனக்கு அழுகை வருகிறது. நான் அழுதால் நீங்கள் ஜோக் அடிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். எழுதினால் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

நேற்று அந்தத் தோல் டாக்டரம்மா என்ன கேட்டார்? "எவ்வளவு நாளா இருக்கு?" அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "ஒரு நாலு மாசமா இருக்கும் டாக்டர்" என்றீர்கள். நான், "ரெண்டு வருஷம்" என்றேன். "இல்லம்மா, போன வருஷம் பெரியப்பா பையன் கல்யாணத்துல உன் முகம் எப்படிப் பளபளன்னு இருந்துச்சு!" என்று சொல்லி, பையிலிருந்து போட்டோ கவரை எடுத்து மேஜையில் போட்டீர்கள். கோர்ட்டுக்குச் சாட்சி கொண்டுவருகிற வக்கீல்கூட உங்களிடம் தோற்றுப்போவார்.

அந்தக் கல்யாணத்தில் நான் கைக்குட்டையால் தாடையை மூடிக்கொண்டே அலைந்தேன். உங்கள் படத்தில் கைக்குட்டை இருக்கிறது, பரு இல்லை. இந்தப் பெண் எதற்காக வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியவே புரியாது. டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ திடீர்னு வந்திருக்கு. புதுசா ஏதாவது க்ரீம் போட்டியா? யாராவது மாத்திரை கொடுத்தாங்களா?" என்று என்னைக் குடைய ஆரம்பித்தார். நான் எதையோ ஒளிக்கிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். ரெண்டு வருஷமாக இந்த முகத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். கடைசியில் நான்தான் பொய் சொல்கிறவள் ஆகிவிட்டேன். நீங்கள் என்னடாவென்றால், மாதிரிக்காக வைத்திருந்த ஜெல் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கடை வாசலில் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கிறீர்களே என் படம், அதையும் எடுத்துவிடுங்கள். போன வாரம் ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உன் தங்கச்சியா? அழகா இருக்கா" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

இனி என் முகத்தைத் தொடாதீர்கள். எந்தப் படத்திலும். ஜென்மத்துக்கும்.

உங்கள் மகள்
(தங்கச்சி இல்லை)


ஜூலை 9

வாண்டுக்கு,

கடிதம் கிடைத்தது. ஸ்டாம்ப் ஒட்டவில்லை, அதனால் அபராதம் போட வேண்டும் என்று உன் அம்மா சொன்னாள். சரி, சரி, முறைக்காதே. ஜோக்கை இத்தோடு நிறுத்துகிறேன்.

வாசலில் இருந்த படத்தைக் காலையிலேயே கழற்றிவிட்டேன். அந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது. போகட்டும்.

நான் சொல்வதை நம்பு. டாக்டரிடம் நான் பொய் சொல்லவில்லை. நாலு மாதம் என்றுதான் எனக்கு மனதார ஞாபகம். நீ அவ்வளவு கோபமாக எழுதியதும், கடையை மூடிவிட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் உன் படங்கள் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். பிறந்தநாள், கல்யாணம், பள்ளி ஐடி கார்டு, கடைக்குப் புது லைட் வாங்கியபோது உன்னை உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தது. ஒன்றிலும் ஒரு பரு கிடையாது. பார், நான் சொன்னது சரிதானே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அத்தனையும் நான் டச்சப் செய்த படம். துடைத்து முடித்ததும் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவது என் வழக்கம். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ரொம்பிப் போகும். ஒரிஜினல் ஒன்றுகூட இல்லை. என்றைக்குத் துடைக்க ஆரம்பித்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. இப்போது நீ சொல்வது சரியா, நான் நினைத்தது சரியா என்று எனக்கே தலை சுற்றுகிறது.

நான் வேண்டுமென்று செய்கிறதில்லை, வாண்டு. கடைக்குள் வருகிற எந்த முகமும் அப்படியே வெளியே போகாது. இந்தத் தொழிலில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். மச்சத்தைத் தொடமாட்டேன், தழும்பைத் தொடமாட்டேன், பல் கோணலைத் தொடமாட்டேன். அதெல்லாம் அந்த ஆளோடு கூடவே இருக்கிறது. பரு, கொசுக்கடி, தூக்கமில்லாத கருவளையம் இதெல்லாம் வந்து போகிறது. வந்து போகிறதை மட்டும்தான் துடைப்பேன். இதில் என்ன தப்பு?

ஆனாலும் நீ சொல்லிவிட்டாய். இனி உன் முகத்தைத் தொடமாட்டேன். இது வாக்கு.

டாக்டர் கொடுத்த ஜெல்லை மறக்காமல் போடு. பட்டாணி அளவுதான் என்றார், அள்ளி அப்பிக்கொள்ளாதே.

அப்பா


ஜூலை 21

அப்பாவுக்கு,

வந்து போகிறதைத் துடைப்பீர்கள், கூடவே இருப்பதைத் தொடமாட்டீர்கள். நல்ல சட்டம்தான். என்னுடையது ரெண்டு வருஷமாகக் கூடவே இருக்கிறதே, அது எப்போது மச்சம் ஆகும்?

ஜெல் போடுகிறேன். போட்டதிலிருந்து இன்னும் மோசம். தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிகிறது. முதல் சில வாரம் அதிகமாகத்தான் தெரியும், பயப்படாதே என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் இது நல்லதாவதற்காக மோசமாகிறதா, இல்லை மோசமாவதற்காகவே மோசமாகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணாடியைப் பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

இதற்கு நடுவில் ஊரே எனக்கு வைத்தியம் பார்க்கிறது. தண்ணீர் நிறையக் குடி என்கிறாள் அம்மா. எண்ணெய்ப் பலகாரத்தை விடு என்கிறார் பெரியப்பா, அவர் வாயில் வடையை வைத்துக்கொண்டு. கணக்கு டீச்சர் எல்லார் முன்னாலும், "முகத்தை நல்லாக் கழுவும்மா, சுத்தமா இருக்கணும்" என்றார். நான் கழுவாத கழுவலா! டாக்டரம்மாவோ, "அழுக்கால வர்றதில்ல இது. சும்மா சும்மா தேய்ச்சுக் கழுவுறதை முதல்ல நிறுத்து" என்றார். யார் பேச்சைக் கேட்பது? டாக்டர் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் டீச்சரைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. இரண்டாவது தடவை போனபோது நர்ஸ் அக்கா என்னை ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்து, இடது, வலது, நேர் என்று படம் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் எடுப்பார்களாம், மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க. சிரி என்று சொல்லவில்லை, தலையைச் சாய் என்று சொல்லவில்லை. எடுத்துவிட்டு, "முடிஞ்சுது, போம்மா" என்றார். எனக்கு என்னவோ போல இருந்தது. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் எங்கள் வகுப்பு குரூப் போட்டோ. இந்த வருஷமும் நீங்கள்தான் எடுக்க வருகிறீர்களாம். நான் கடைசி வரிசையில் நெட்டைக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அவள் வாலிபால் ஆடுகிற உயரத்துக்கு என்னை மாதிரி ரெண்டு பேரை மறைக்கலாம். நீங்கள் பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தாதீர்கள். தெரியாதவர் மாதிரி இருங்கள். உங்கள் வாக்கும் ஞாபகம் இருக்கட்டும்.

மகள்


ஆகஸ்ட் 2

வாண்டுக்கு,

தெரியாதவன் மாதிரிதான் இருந்தேன். நீ என்னைப் பார்த்து, ஏதோ பஸ்ஸில் இடித்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாயே, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நெட்டைக்குப் பின்னால் உன் காது மட்டும்தான் தெரிந்தது. காதை வைத்து நான் என்ன செய்ய? அதனால்தான், "கடைசி வரிசை, எல்லார் முகமும் தெரியணும்" என்று பொதுவாகச் சத்தம் போட்டேன். உன்னைச் சொல்லவில்லை. நீயாகத்தான் வெளியே வந்தாய். வந்ததற்கு எனக்குச் சந்தோஷம், சொல்லிவிடுகிறேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. மேகமூட்டமாக இருந்ததால் ஒரு நிழல் கிடையாது. நேற்று பூராவும் உட்கார்ந்து வேலை பார்த்தேன். முன் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொருவராக முடித்துக்கொண்டே போனேன். உன்னிடம் வந்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, உன்னைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போனேன். சாதாரண விஷயமில்லை, வாண்டு. பழகிப்போன கை இது. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன்.

பிரிண்ட் எல்லாம் இன்று பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. இனியாவது என்னோடு பேசுவாயா? நேற்று உப்பு எங்கே என்று கேட்பதற்கு அம்மாவை நடுவில் வைத்துக் கேட்டாய். உப்பு என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அப்பா


ஆகஸ்ட் 6

அப்பா,

குரூப் போட்டோவை வகுப்பில் கொடுத்தார்கள்.

எங்கள் வகுப்பில் பரு இல்லாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். நெட்டைக்கு நெற்றி நிறைய. முதல் பெஞ்சுக்காரிக்கு மூக்கில். பையன்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் படத்தில் அத்தனை பேரும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கிறார்கள். நான் மட்டும் நானாக இருக்கிறேன். அந்தக் கூட்டத்திலேயே நான் ஒருத்திதான்.

உங்களுக்கு இது தோன்றவே இல்லையா? உண்மையாகவே தோன்றவில்லையா?

முதலில் யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் அவரவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டார்கள். "ஏய், நான் எவ்ளோ சூப்பரா இருக்கேன் பாரேன்!" என்று ஒரே கூச்சல். அப்புறம் ஒருத்தன், "என்னடா இது, போட்டோகிராபர் பொண்ணுக்கு மட்டும் டச்சப் இல்லையா? வீட்டுல சண்டையா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மத்தியானம் இடைவேளை முடிந்து வந்தால் என் பெஞ்சில் ஒரு பிரிண்ட் கிடக்கிறது. என் முகத்துப் புள்ளிகளை எல்லாம் யாரோ பேனாவால் இணைத்துப் பூனை வரைந்திருக்கிறார்கள். மீசையெல்லாம் வைத்து, நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள்.

நான் கேட்டதைத்தான் நீங்கள் செய்தீர்கள். எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. என் முகத்தைத் தொடாதீர்கள் என்றுதானே சொன்னேன்? நான் என்ன நினைத்துச் சொன்னேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. எல்லாருடையதையும் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேனா? இல்லை, வாக்கை மீறி எனக்கும் துடைத்துவிடுவீர்கள் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேனா? தெரியவில்லை அப்பா. என்னைக் கேட்காதீர்கள்.

நான் பள்ளிக்கூடம் போகப்போவதில்லை. டாக்டரிடமும் வரமாட்டேன். ஜெல்லைக் குப்பையில் போட்டுவிட்டேன். நாலு மாதக் கதைக்குக் கொடுத்த மருந்து ரெண்டு வருஷத்துக்கு எங்கே கேட்கும்? குளியலறைக் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருப்பது நான்தான். அம்மாவைத் திட்டாதீர்கள். காலையில் நீங்கள் ஷேவ் செய்யும்போது தாடையைக் கீறிக்கொண்டதற்கும் நான்தான் காரணம்.


ஆகஸ்ட் 9

வாண்டு,

கதவைத் தட்டினேன். நீ திறக்கவில்லை. அதனால் கதவுக்குக் கீழே தள்ளுகிறேன்.

எனக்குத் தோன்றவே இல்லை. கடவுள் மேல் ஆணையாக. உன்னை மட்டும் தொடக்கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன். மற்றவர்களைத் தொட்டது எனக்கு வேலை செய்தது மாதிரியே தெரியவில்லை, மூச்சு விடுகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். முழுப் படமாக அப்போதுதான் பார்த்தேன். அதுவரை முகம் முகமாகத்தான் பார்த்திருந்தேன். என்ன காரியம் செய்துவிட்டேன்!

ஓட்டமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிரிண்டை எல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு போட்டுத் தருகிறேன் என்று தலைமையாசிரியையிடம் கெஞ்சினேன். "எதுக்குங்க? ரொம்ப அழகா வந்திருக்கு. பெத்தவங்க எல்லாம் எக்ஸ்ட்ரா காப்பி கேக்கறாங்க" என்கிறார். துடைத்தாலும் தப்பு, துடைக்காவிட்டாலும் தப்பு. வேறு என்னதான் செய்யட்டும் நான்? நிஜமாகவே எனக்குப் புரியவில்லை.

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போனேன். தனியாக. அந்தப் படங்கள் எல்லாம் நான் கை வைத்தவை, என் மகள் சொன்னதுதான் உண்மை என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். ரெண்டு வருஷம் என்றால் கதையே வேறாம். புதிதாக வந்தது என்று நினைத்து மேலுக்குப் பூசுகிற மருந்தோடு மெதுவாக ஆரம்பித்தாராம். தோலுக்கு அடியில் கட்டி கட்டியாக இருக்கிறது, இப்போதே கன்னத்தில் குழி விழ ஆரம்பித்திருக்கிறது, இனியும் தள்ளிப்போட்டால் பரு போனாலும் குழி போகாது என்றார். உள்ளுக்குச் சாப்பிடுகிற மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமாம். அதற்கு முதலில் ரத்தப் பரிசோதனை. நீ நேரில் வந்து, என்ன ஏது என்று கேட்டு, சம்மதித்தால்தான் எழுதுவாராம். நான் சம்மதித்தால் போதாதாம். வரும் செவ்வாய்க்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நர்ஸ் எடுத்த படத்தை டாக்டர் தன் ஸ்கிரீனில் பெரிதாக்கிக் காட்டினார். ஒரு நொடி, ஒரே நொடி, அது யார் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. வேறு யாரோ ஒரு பிள்ளை, பாவம் என்று நினைத்தேன். அப்புறம் உன் புருவம் தெரிந்தது. மேஜை மேல் என் கை தானாக மவுஸைத் தேடியது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வா, வாண்டு. என் மேல் இருக்கிற கோபத்தில் உன் முகத்தைப் பாழாக்கிக்கொள்ளாதே.

அப்பா


ஆகஸ்ட் 10

அப்பா,

அடையாளம் தெரியவில்லையா? பெற்ற மகளையா? இதை எதற்கு எனக்கு எழுதினீர்கள்? எழுதாமல் இருந்திருக்கலாம். இல்லை, எழுதியதுதான் சரி. போங்கள், எனக்குத் தெரியவில்லை.

நேற்று நெட்டை வந்திருந்தாள். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவள் என்று அம்மா பலகாரம் எல்லாம் கொடுத்தாள். நெட்டை அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பூனை வரைந்தவனை அடித்துவிட்டதாகச் சொன்னாள். அப்புறம், "உங்க டாக்டர் எங்கே இருக்காங்க? திட்டுவாங்களா?" என்று கேட்டாள். நெற்றியில் அப்பியிருந்த பவுடரைத் துடைத்துக் காட்டினாள். என்னுடையதைவிட மோசம். குரூப் போட்டோவை அவள் வீட்டில் பெரிதாக மாட்டிவிட்டார்களாம். அவள் அம்மா தினமும் படத்தைக் காட்டி, "இப்படி இருந்த முகத்தை எப்படிக் கெடுத்து வெச்சிருக்கே பாரு" என்கிறாராம். நாலே நாளில்! எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது, அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். விலாசம் எழுதிக் கொடுத்தேன். டாக்டரிடம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் மட்டும் போகாமல் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வருவேனா என்று இப்போது சொல்ல முடியாது. அதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும். சுற்றி வளைக்காமல், ஜோக் அடிக்காமல் சொல்லுங்கள். என் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு அசிங்கமாக இருக்கிறதா?


ஆகஸ்ட் 11

வாண்டு,

இதை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். ஒரு பாஸ்போர்ட் சைஸ்காரர் வந்து காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அசிங்கமாக இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

அப்புறம் ஏன் துடைத்தாய் என்று கேட்பாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பிட்டுவிட்டு முகமெல்லாம் சோற்றோடு வந்து நிற்பாய். நான் கையிலிருக்கிற வேலையை விடாமலே துடைத்துவிடுவேன். உன்னைக் கேட்டதில்லை. நீயும் நின்றுகொண்டிருப்பாய். எனக்கு அதுவும் இதுவும் வேறு வேறாகத் தெரியவில்லை. இப்போதும் முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். நீ கோபப்பட்டதால் தப்பு என்று தெரிகிறது. உன் கோபம் இல்லாவிட்டால் நாளைக்கும் துடைத்திருப்பேன்.

ஆனால் ஒன்று மட்டும் நினைத்து நினைத்துக் குமைகிறேன். ஸ்கிரீனில் உன் பருவை ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் துடைத்தவன் நான். எங்கெங்கே இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதானே துடைத்தேன்! துடைத்ததும் உனக்கே போய்விட்ட மாதிரி நிம்மதியாக எழுந்துவிட்டேன். மேலே வந்து சாப்பிடும்போது உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீயும் தலையைக் குனிந்துகொண்டாய், எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது. எனக்குப் பயம், வாண்டு. உனக்கு ஒன்று வந்திருக்கிறது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்துகொள்ளப் பயம்.

செவ்வாய்க்கிழமை நீ அம்மாவோடு போ. நான் தனியாக வந்து வெளியே நிற்கிறேன். உள்ளே வந்து எவ்வளவு நாள், எவ்வளவு மாதம் என்று எதுவும் சொல்லமாட்டேன். நீ கூப்பிட்டால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை.

அப்பா


ஆகஸ்ட் 14

அப்பாவுக்கு,

நேற்று நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு வரிசையாக வருகிறது.

டாக்டரம்மா முதலில் அதே கேள்வியைத்தான் கேட்டார். "ரெண்டு வருஷம்" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். யாரும் குறுக்கே பேசவில்லை. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் ஏனோ வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மாத்திரையைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னார். உதடு வெடிக்கும், கண் காயும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நடுநடுவே ரத்தம் பார்க்க வேண்டும், மனசு ரொம்பச் சோர்ந்துபோனால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். ஏற்கெனவே விழுந்த குழி முழுசாகப் போகும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். "பயமா இருந்தா யோசிச்சுட்டு வா, அவசரமில்ல" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இருந்தாலும் சரி என்றேன். ரத்த முடிவு வந்ததும் ஆரம்பிக்கலாமாம்.

அப்புறம்தான் அந்தப் படம். நர்ஸ் அக்கா லீவு. டாக்டரம்மா கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பட்டனை அமுக்குவது என்று திணறினார். "வெளியில நிக்கிறாரே உங்கப்பா, கூப்பிடட்டுமா?" என்று என்னைக் கேட்டார். கூப்பிடுங்கள் என்று நான் சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. நீங்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி வந்தீர்கள். எல்லாரும் செருப்போடுதான் இருந்தோம்.

இடது, வலது, நேர். இடது பக்கம் எடுக்க உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆனதற்குக் காரணம் வெளிச்சம் இல்லை என்று எனக்குத் தெரியும். கிட்டே வந்தீர்கள், இன்னும் கிட்டே வந்தீர்கள். கேமராவை இறக்கிவிட்டு, வெறும் கண்ணால் பார்த்தீர்கள். நானும் தலையைக் குனியவில்லை. அப்போது மெதுவாக, "வலிக்குதாம்மா?" என்று கேட்டீர்கள்.

என்ன சாப்பிட்டே, எதைப் பூசினே, கழுவினியா, கிள்ளினியா, ஏன் வந்தது, எப்போ போகும் என்று இந்த ரெண்டு வருஷத்தில் கேட்காத ஆள் இல்லை. இதை மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. யாராவது கேட்பார்கள் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. அதனால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், "இல்ல" என்று சொல்லிவிட்டேன். நீங்களும் நம்பின மாதிரி கேமராவைத் தூக்கிக்கொண்டீர்கள்.

அது பொய். வலிக்கும். காலையில் தலையணையிலிருந்து கன்னத்தை எடுக்கும்போது வலிக்கும். போனைக் காதில் வைத்தால் வலிக்கும். தாடையில் இருக்கிறது ஒன்று, கொட்டாவி விட்டால்கூட உயிர் போகும். யாராவது செல்லமாகக் கன்னத்தில் தட்டிவிடுவார்களோ என்று பயந்துபோய்த்தான் எல்லாரிடமிருந்தும் தள்ளித் தள்ளி நின்றேன். உங்களிடமிருந்தும்தான்.

கடிதம் போதும் அப்பா. கடையை மூடிவிட்டு மேலே வாருங்கள். வந்து இன்னொரு தடவை கேளுங்கள். இந்தத் தடவை வாயால் சொல்கிறேன்.

வாண்டு